புள்ளி சார்

“புள்ளி புள்ளியாத்தான் இருக்கு சார். நம்பர் ஒண்ணும் தெரியல.”

நாலாவது அட்டைக்கும் அதே பதில். புள்ளி சார் அட்டையைக் கீழே வைத்துவிட்டு எதிரே இருந்த பெண்ணை நிமிர்ந்து பார்த்தார்.

பஸ் டிரைவர் வேலைக்கு வருகிறவர்களுக்குக் கண் பார்க்கிற அறை அது. கலர் புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கும் எண்ணைச் சரியாகச் சொன்னால்தான் அவர் கையெழுத்துப் போடுவார். இருபத்தாறு வருஷமாக இதே பிழைப்பு என்பதால் டிப்போவில் பாதிப் பேருக்கு அவருடைய சொந்தப் பெயரே தெரியாது.

அந்தப் பிழைப்பும் இன்றோடு சரி. மத்தியானம் ஒரு கைக்கடிகாரம் கொடுத்தார்கள், ஆளுக்கொரு துண்டு கேக் தின்றார்கள், அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். நாளையிலிருந்து ‘சாப்டாச்சா’ என்று கேட்கக்கூட ஆள் கிடையாது. குடும்பம் பிரிந்துபோன நாளிலிருந்து மனுஷர் தனிக்கட்டை. கடைசி நாளும் அதுவுமாக ஒரு காலில் பச்சை சாக்ஸ், இன்னொரு காலில் பழுப்பு. வாசலில் நிறுத்தி ‘இதென்ன கோலம்’ என்று கேட்க வீட்டில் யாராவது இருந்தால்தானே?

அந்தப் பெண்ணுக்கு முப்பத்தைந்து வயசிருக்கும். அறையைப் பூட்டப் போகிற நேரத்தில் மூச்சு வாங்க வந்தாள். “இன்னையோட சார் போயிடுவார்னு வாட்ச்மேன் சொன்னார், ஓடி வந்தேன்” என்றாள். மேஜைமேல் இருந்த பெயர்ப்பலகையை நின்று படித்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

புள்ளி சார் வழக்கம்போல அட்டையின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்ததை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஐந்தாவதை நீட்டினார். “இது?”

“அதேதான் சார்.”

“அதிசயமா இருக்கேம்மா. இந்தக் குறை ஆம்பளைங்களுக்குத்தான் அதிகம். பொம்பளைக்கு வரணும்னா அம்மா வழி, அப்பா வழி ரெண்டு பக்கமும் சேர்ந்து வந்தாத்தான் உண்டு.”

“அப்போ எங்கப்பாவுக்கும் இருக்குமா?”

“இருந்தே ஆகணும். அவருக்கு இல்லாம உனக்கு எப்படி வரும்? சந்தேகம்னா இப்படி ஒரு அட்டையைக் காட்டி அவரையே கேளு.”

“அவர் எங்களோட இல்ல சார்.”

“அடடா. தவறிட்டாரா?”

“அம்மா அப்படித்தான் நினைச்சுக்கிட்டிருந்தாங்க.”

அதற்குமேல் தோண்டித் துருவ அவருக்குப் பிடிக்கவில்லை. “என்னால கையெழுத்துப் போட முடியாதும்மா, தப்பா எடுத்துக்காதே. சிவப்பு விளக்கு தெரியாம ஓட்டினா ஒரு பஸ் ஜனம் என்னாகும்?” என்றார்.

சொல்லிவிட்டாரே தவிர, அவளை அனுப்ப மனசே வரவில்லை. இவள் எழுந்து போனால் அறையைப் பூட்டி, சாவியைக் கொடுத்துவிட்டு, யாருமில்லாத வீட்டுக்குப் போக வேண்டும். “தண்ணி குடிக்கிறியா? வெளியில நல்ல வெயில்” என்று கேட்டார். தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தார். அட்டைகளை அடுக்கினார், கலைத்தார், மறுபடி அடுக்கினார்.

அவளும் எழுந்திருக்கவில்லை. தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு, அடுக்கிலிருந்து ஓர் அட்டையை உருவினாள். புள்ளிகள் அவரைப் பார்க்க, பின்பக்கம் தன்னைப் பார்க்கத் தூக்கிப் பிடித்தாள்.

“உங்களுக்கு இதுல என்ன சார் தெரியுது?”

“இதென்னம்மா விளையாட்டு? வச்சுடு.”

“சும்மா சொல்லுங்க சார்.”

புள்ளி சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். அட்டையை உற்றுப் பார்த்தார்.

“எட்டு” என்றார், குத்துமதிப்பாக.

அவள் அட்டையைத் திருப்பிக் காட்டினாள். பின்பக்கம் அவருடைய கையெழுத்திலேயே ‘ஆறு’ என்றிருந்தது.

இருபத்தாறு வருஷம் கட்டிக் காத்த ரகசியம், பூட்டிவிட்டுக் கிளம்ப வேண்டிய நேரத்தில் உடைந்துவிட்டது. யாரோ புகார் கொடுத்து, சோதித்துப் பார்க்க அனுப்பிய ஆள் போல என்று நினைத்தார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“யாரும்மா நீ? உனக்குத்தான் நம்பரே தெரியலேன்னியே?”

“எனக்கு எல்லாமே நல்லாத் தெரியும். பேர் ஒண்ணா இருக்கேன்னு மட்டும் நம்பிடாதே, அவருக்குப் பச்சையும் பழுப்பும் ஒண்ணுதான், அட்டையைக் காட்டிப் பாருன்னு அம்மாதான் சொல்லி அனுப்பினாங்க.”

அவர் அவள் முகத்தையே பார்த்தார். அவள் அட்டையை மேஜைமேல் வைத்தாள்.

“உங்க பேரனுக்குத்தான் தெரியல, அப்பா.”