கோட்டைக் கதவுக்குத் தாழ்ப்பாள்

என் ஐந்து பாகச் சரித்திர நாவலைத் தொடராகப் படமெடுக்க வந்த இயக்குநர், கடைசி அத்தியாயத்தைப் பென்சிலால் வட்டமிட்டார்.

"ஐயா, ஓடிப்போன இளவரசி திரும்பி வர்றா. ராஜாவே எழுந்து வந்து தாழ்ப்பாளை நீக்குறார். கோட்டைக் கதவுக்கு ஏதுங்க தாழ்ப்பாள்? காவல்காரங்க எல்லாம் லீவா?"

"ஒரு எழுத்தைக்கூட மாத்தக்கூடாது" என்றேன். சொன்ன சொல்லை மாற்றும் பழக்கம் எங்கள் வம்சத்தில் கிடையாது.

"'அப்பா, நான்தான்'னு வேற கூப்பிடுறா. இளவரசி அப்படியா பேசுவா?"

"அவ அப்படித்தான் பேசுவா."

"நாலு பாகமா குல மானம்னு மீசையை முறுக்கின ராஜா, அஞ்சாவதுல கதவைத் திறந்தா யார் நம்புவாங்க? திறக்க வேண்டாம். அவ அழுதுட்டே போகட்டும்."

"அப்போ படமே வேண்டாம். கிளம்புங்க."

அவர் திகைத்து என் மனைவியைப் பார்த்தார். "நீங்களாவது சொல்லுங்கம்மா."

அவள் எங்கள் வாசல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க சொல்ற மாதிரிதான் தம்பி நடந்துச்சு. உச்சி வெயில்ல, காய்ச்சலோட, 'அப்பா, நான்தான்'னு எங்க பொண்ணு அந்தக் கதவைத் தட்டினா. இவர் எந்திரிக்கல. என்னையும் விடல. மூணாம் நாள் ஆஸ்பத்திரியிலேருந்து ஆள் வந்து, அவ போயிட்டான்னு சொன்னாங்க."

இயக்குநர் பென்சிலைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

நான் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தேன்.

"அந்த ஒரு இடத்துலதான் தம்பி நான் கதவைத் திறந்தேன். அதையும் சாத்திடாதீங்க" என்றேன்.