ஒரு பாயின்ட்கூடப் போடாதவர்

ஜெபம் முடிந்து காப்பி வந்ததும் பெண்ணின் பெரியப்பா சத்தியநாதன் ஆரம்பித்தார்.

"மாப்பிள்ளை பாஸ்கெட்பால் ஆடுவாராமே?"

"ஆமாங்க. ஆம்பூர் ஷூ கம்பெனி டீம்ல" என்றான் பெண் பார்க்க வந்த ஞானமுத்து.

"போன மாசம் வேலூர் ஃபைனல்ல நீங்க எத்தினி பாயின்ட்?"

"ஒண்ணும் போடலீங்க. அஞ்சு ஃபவுல் ஆயி, வெளியில அனுப்பிட்டாங்க."

கதவோரம் நின்ற ஜெபராணியின் முகம் வாடியது. இந்த வரனைக் கொண்டுவந்த அவள் அண்ணன் கிருபானந்தம் காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தான்.

"அப்புறம் இன்னாதான் பண்ணீங்க?"

ஞானமுத்து தலையைக் குனிந்துகொண்டான். "எதிர் டீம்ல ஒருத்தர் எப்பவும் முப்பது பாயின்ட் போடுவாரு. அவரை விடாம ஒட்டிக்கிட்டே இருக்கிறதுதான் எனக்குக் குடுத்த வேலை. அன்னைக்கு நாலுதான் போட்டாரு."

"அடுத்தவன் பின்னாடி ஓடறதெல்லாம் ஒரு ஆட்டமா?" பெரியப்பா கிருபானந்தத்தின் பக்கம் திரும்பினார். "ஏண்டா, தங்கச்சிக்கு ஜெயிக்கிற ஆளாப் பார்க்க மாட்டியா?"

"ஜெயிச்சது இவரு டீம்தான் பெரியப்பா."

"இருக்கட்டும்டா, இவரு..."

"அப்புறம், நாலு பாயின்ட்னு இவரு சொன்னது முழு உண்மை இல்ல."

பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "பொய் வேறயா?"

"பெருந்தன்மை பெரியப்பா. இவரு நிக்கிற வரைக்கும் ரெண்டுதான். மீதி ரெண்டையும், இவரை வெளியில அனுப்பினதுக்கப்புறம்தான் என்னால போட முடிஞ்சுது."