தேன்நிலவில் மாமியார்

வெள்ளானூரிலிருந்து பட்டாபிராமுக்குச் சம்பந்தி வீட்டைப் பார்க்க வந்த வடிவு, வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே பார்வதம் போனில் அதட்டிக்கொண்டிருந்தாள்.

“தேவிப்பிரியா, போர்வையை உதறிட்டு எழுந்திரு. பத்து நிமிஷத்துல ரெண்டு பேரும் வெளியே நிக்கணும்!”

“அத்தை, குளிர் தாங்கல” என்று வடிவின் மகள் ஸ்பீக்கரில் சிணுங்கினாள்.

வடிவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “தேன்நிலவுக்குப் போன புள்ளைங்கள அங்கயும் வுட மாட்டீங்களா? இன்னா மாமியாரு நீங்க!”

“உட்காருங்க சம்பந்திம்மா.” பார்வதம் காப்பியை நீட்டிவிட்டு லேப்டாப்பில் கண்ணைப் பதித்தாள். வடிவு காப்பியைத் தொடவேயில்லை.

பத்தாவது நிமிஷம் வீடியோ கால் வந்தது. அலாஸ்கா வானம் முழுக்கப் பச்சை வெளிச்சம், கொடியில் காயும் சேலையாய் ஆடியது.

“அத்தை, நீங்க எழுப்பலன்னா தூங்கியே போயிருப்போம்!”

வடிவு வாயைப் பிளந்தாள். “இங்க குந்திகினு உங்களுக்கு எப்டித் தெரிஞ்சுது?”

“சூரியக் காத்து பூமியோட காந்தத்துல மோதினா இந்த வெளிச்சம் வரும். அது வர்றதை செயற்கைக்கோள் முன்கூட்டியே அளந்து அனுப்பிடும். கம்ப்யூட்டர் வேலைன்னு சொன்னேனே, அந்த அளவுகளைப் படிக்கிறதுதான்.”

வடிவு போனைப் பிடுங்கினாள்.

“ஏண்டி, மாமியார் ஒரு வார்த்தை சொன்னா டபக்குனு எந்திரிக்க மாட்டே?”