ஆறு எண்களும் ஒரு மாமனாரும்

'ஆறு இலக்க எண்ணை உள்ளிடவும்' என்றது திரை. அதன் கீழே அறுபது விநாடிகள் ஒவ்வொன்றாகக் குறையத் தொடங்கின.

அவன் பதறிப்போய் மனைவியின் கைபேசிக்கு அழைத்தான்.

அந்த ஆறு இலக்க எண் அங்கேதான் போகும். வேலையில் சேர்ந்த நாளில் அவனுடைய கைபேசி பழுதுபார்க்கும் கடையில் கிடந்தது. அலுவலகத்தில் மனைவியின் கைபேசி எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டான். இப்போது அதை மாற்ற மூன்று பேரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அதற்கு வேறு வேலையே தேடிக்கொள்ளலாம்.

வீட்டிலிருந்து அலுவலகக் கோப்புகளைத் திறக்க வி.பி.என். என்ற மென்பொருள் வேண்டும். வி.பி.என். நிறுவ அந்த எண் வேண்டும். எண்ணுக்கு மனைவி வேண்டும். மனைவியோ பிறந்த வீட்டில் இருந்தாள்.

சொல்லாமல் கொள்ளாமல் போனாள் என்று பழி போட முடியாது. போன ஞாயிற்றுக்கிழமை அவன் இதே கணினிக்குள் தலையைக் கவிழ்த்திருந்தபோது, கொஞ்ச நாள் அம்மா வீட்டில் இருந்துவிட்டு வரட்டுமா என்று கேட்டாள். 'உம்' என்றான். திரும்பி வராமலே இருந்துவிட்டால் பரவாயில்லையா என்று கேட்டாள். அதற்கும் 'உம்'. வாசல் கதவு சாத்தும் சத்தத்துக்குத்தான் நிமிர்ந்தான்.

அன்றிலிருந்து சும்மா அழைத்தால் யாரும் எடுப்பதில்லை. எண் வந்து, அதன் பின்னாலேயே அழைப்பும் வந்தால் மட்டும் கைபேசியை அப்பாவிடம் நீட்டிவிடுவாள். என்ன இருந்தாலும் மாப்பிள்ளையின் வேலைக்கு ஆபத்து வரக் கூடாதே என்று அவரும் எடுத்துவிடுவார்.

மாமனார் பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பது வருடம் எழுத்தராக இருந்தவர். எதையும் அவசரமாகச் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

"ஏழு... எழுதியாச்சா மாப்பிள்ளை? ஏழு. எட்டுக்கு முந்தினது."

ஐந்தாவது எண்ணுக்கு அவர் வந்து சேர்வதற்குள் நேரம் தீர்ந்துபோகும். புது எண் கேட்பான். மறுபடியும் முதலிலிருந்து.

நான்கு நாளாக இதே கூத்து. ஏதோ வைரஸ் வந்து தினமும் மென்பொருளைத் தின்றுவிடுகிறது என்று மாமனாரிடம் சொல்லிவைத்திருந்தான்.

எண்களைக் குறித்துக்கொண்டே காதைத் தீட்டிக்கொள்வான். அந்தப் பக்கம் மிக்சி ஓடும். குழாயில் தண்ணீர் விழும். நேற்று அவளுடைய தும்மல் கேட்டது. அதற்கப்புறம் அவனுக்கு வேலையே ஓடவில்லை. ஒரு வார்த்தை பேசினால் போதும், காலில் விழவும் தயாராக இருந்தான். பேசினால்தானே!

இன்று மூன்றாவது முயற்சியிலேயே ஆறு எண்களும் சேர்ந்துவிட்டன. 'இணைக்கப்பட்டது' என்று பச்சை எழுத்தில் வந்தது. அவனுக்கு முகம் தொங்கிப்போயிற்று. இனி நாளைக் காலைவரை அந்த வீட்டுச் சத்தம் கேட்காது.

நன்றி சொல்லி வைக்கப் போனான். மாமனார் வைக்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மாப்பிள்ளை, இந்த நம்பர் வர்றதுக்கு முன்னாடி தினமும் இன்னொரு மெசேஜும் வருது. உங்க கம்ப்யூட்டர்ல இருந்து நீங்களே அந்த சாஃப்ட்வேரை அழிச்சிட்டீங்கன்னு. அவதான் சிரிச்சு சிரிச்சு எனக்குப் படிச்சுக் காட்டுறா. நாளைக்கு அழிக்க வேணாம். நேரா கிளம்பி வாங்க."