பதினாலாம் மேஜை

"பாண்டிச்செல்வி, திங்கட்கிழமையிலருந்து நீ சூப்பர்வைசர் இல்ல. பழையபடி மேஜைக்கே போயிரு."

என் வீட்டுக்காரர் தனுஷ்கோடி இத்தனை தெளிவாகப் பேசி நான் கேட்டதே இல்லை. சாப்பாட்டுக் கேரியரோடு கம்பெனிக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

அச்சங்குளத்தில் இருக்கிறது எங்கள் பட்டாசுக் கம்பெனி. பேக்கிங் ஹாலில் இருபது மேஜை. மேஜைக்கு நாலு பெண்கள் உட்கார்ந்து கம்பி மத்தாப்பைப் பெட்டியில் அடுக்குவார்கள். தினமும் சாயங்காலம் ஒரே ஒரு மேஜையின் சரக்கைப் பிரித்துச் சோதிப்பது வழக்கம். ஒரு பெட்டியில் ஒரு குச்சி குறைந்தாலும் போச்சு, அந்த மேஜைக்காரர்கள் அன்று கட்டியதையெல்லாம் அவிழ்த்து மறுபடி கட்ட வேண்டும்.

எந்த மேஜை என்று சொல்வது கம்ப்யூட்டர். எம்.எஸ்ஸி. புள்ளியியல் படிக்கும் எங்கள் மகள் ஓவியா, தன் ப்ராஜெக்டுக்காக எழுதிக் கொடுத்த புரோகிராம். அன்று வேலைக்கு வந்த மேஜைகளின் நம்பரைத் தட்டினால், குருட்டாம்போக்கில் ஒன்றைப் பொறுக்கிச் சீட்டு அடித்துத் தரும். தட்டுவதும், சீட்டில் வந்த மேஜையைச் சோதித்து நோட்டில் எழுதுவதும் பாண்டிச்செல்வி வேலை.

சீட்டையும் நோட்டையும் இவர் இன்றைக்கு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார். மூன்று நாள் ஒத்துவரவில்லை. ஆடி கடைசி வெள்ளிக்குச் சீட்டில் இருப்பது ஆறு. இவள் பிரித்தது பதினாலு.

"ஆள் பாத்துப் பிரிக்கிறா. இந்தப் பாரபட்சமெல்லாம் நம்ம கம்பெனியில ஆகாது" என்றார் என்னிடம்.

பதினாலில் யார் என்று கேட்டேன். முத்துப்பேச்சியாம். எனக்குப் புரிந்துவிட்டது. முத்துப்பேச்சிக்கும் இவளுக்கும் போன மாதம்தான் குழாயடியில் பெரிய சண்டை. நானும் என் பங்குக்கு, கம்ப்யூட்டரை விட உனக்கு ஜாஸ்தி தெரியுமோ என்று கேட்டுவைத்தேன்.

"தப்புத்தாம்மா" என்றாள் பாண்டிச்செல்வி, தரையைப் பார்த்துக்கொண்டு.

எதிர்த்துப் பேசினால் ரெண்டு கொடுக்கலாம். ஒத்துக்கொள்கிறவளை என்ன செய்வது? பேச்சை முடித்துவிட்டுச் சாப்பாட்டைப் பிரிப்போம் என்று வருகைப் பதிவேட்டை எடுத்து வரச் சொன்னேன். ஆறாம் மேஜை அன்றைக்கு வந்திருந்ததை அவள் முகத்துக்கு நேராக வைத்துக் காட்டிவிடலாம் பாருங்கள்.

வைத்தேன். நான்தான் முழித்தேன்.

ஆடி கடைசி வெள்ளிக்கு ஹாலே இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போயிருக்கிறது. வேலைக்கு வந்தது பதினாலாம் மேஜை மட்டும். ஆறாம் மேஜையில் ஈ காக்கா இல்லை. மற்ற ரெண்டு நாளும் அதே கதைதான். ஒரு நாள் அடைமழை, ஒரு நாள் ஊரில் சாவு, எல்லாரும் துட்டிக்குப் போய்விட்டார்கள். அன்றைக்கும் வந்தது ஒரே ஒரு மேஜைதான். அதைத்தான் இவள் பிரித்திருக்கிறாள்.

அப்படியானால் வராத மேஜையின் நம்பரைக் கம்ப்யூட்டர் ஏன் அடித்தது?

லீவுக்கு வந்திருந்த ஓவியா, பாண்டிச்செல்வி அக்கா டைப் அடிக்கும்போது தப்பு விட்டிருப்பாள் என்றாள். நீயே அடி என்றேன். பதினாலு என்று ஒரே ஒரு நம்பரைத் தட்டினாள்.

மூன்று என்று வந்தது. இன்னொரு தரம் தட்டினாள். பதினொன்று. மூன்றாம் தரம், எட்டு.

பிள்ளை முகம் சுண்டிப்போயிற்று. அவள் புரோகிராம் எழுதியது ஆர் என்று ஒற்றை எழுத்தில் பேர் வைத்த கம்ப்யூட்டர் மொழியில். அதில் சாம்பிள் என்று ஒரு கட்டளையாம். அதற்கான விளக்கத் தாள் அவளுடைய ப்ராஜெக்ட் ஃபைலிலேயே இருந்தது. கான்வென்டில் கன்னியாஸ்திரீகள் புகட்டிய இங்கிலீஷுக்கு அன்றைக்குத்தான் வேலை வந்தது. வரி விடாமல் படித்தேன்.

பல நம்பர் கொடுத்தால் அதிலிருந்து ஒன்றைப் பொறுக்குமாம். ஒரே நம்பர் கொடுத்தால், ஒன்றிலிருந்து அந்த நம்பர் வரைக்கும் எல்லாமே இருப்பதாகத் தானாக நினைத்துக்கொள்ளுமாம். இது ஒரு வசதியாம். இந்த வசதியால் சில சமயம் வேண்டாத விளைவு வரலாம் என்றும் நிதானமாக எழுதியிருக்கிறார்கள். ஒரு ஆளைக் கூப்பிட்டால் தெருவையே கூட்டி வருவதற்குப் பேர் வசதியா?

"இதைப் படிச்சியாடி?"

"நேரா உதாரணத்துக்குப் போயிட்டேம்மா."

இவர் தொண்டையைக் கனைத்தார். நீயே சூப்பர்வைசரா இரு, இதை முதல்லயே சொல்லியிருக்கலாம்ல என்று பாண்டிச்செல்வியைப் பார்க்காமலே சொன்னார். நல்லவேளையாக செல்போன் அடித்தது. ஆர்டர் விஷயம் என்று வெளியே போய்விட்டார். ஓவியா குனிந்த தலை நிமிராமல் புரோகிராமைத் திருத்தினாள்.

எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. பாண்டிச்செல்வியைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சிருக்குமே. சூப்பர்வைசர் வேலையே போகப் பாத்துச்சே?"

வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"மிசினு தப்புப் பண்ணுதுன்னு சொன்னா மிசினையே தூக்கிருவீகம்மா. பெறகு பழையபடி அய்யாதான வந்து மேஜையக் கை காட்டணும்?"

"காட்டட்டுமே. அவருக்கு யார் மேல என்ன வெறுப்பு?"

"வெறுப்பெல்லாம் இல்லம்மா, தங்கமான மனுசரு. முட்டிவலிதான். வாசப்பக்கத்து மேஜையத் தாண்டி அய்யா ஒரு நாளும் நடந்ததில்ல."

சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"ஆறு வருசம் அந்த மேஜையில உக்காந்திருந்தது நான்தாம்மா."