காயாத கள்ளி

கல்லூரியில், உலர்ந்த செடிகளைத் தாளில் ஒட்டிக் காக்கிற அறை. ஜன்னல் வெயில் மேசைமேல் நீளமாகப் படுத்திருக்கிறது. விண்ணரசி செடிகளை அழுத்தி உலர்த்தும் மரச்சட்டத்தின் வாரை அவிழ்த்துச் செய்தித்தாள்களை விலக்குகிறாள். நசுங்கிக் காய்ந்திருக்க வேண்டிய சப்பாத்திக்கள்ளி மடல் பச்சைப்பசேலென்று கிடக்கிறது. போதாக்குறைக்கு, தாளைப் பொத்துக்கொண்டு ஒரு மஞ்சள் மொட்டு. உடன் வேலைபார்க்கும் ரெங்கம்மாள் எட்டிப் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். “வெந்நீர்ல போட்டுக் கொல்லாம வச்சிட்டீங்களா?” “மறந்தே போச்சுங்க.” விண்ணரசிக்கும் சிரிப்பு அடங்கவில்லை. முள் குத்திய விரலைச் சூப்பிக்கொண்டே மொட்டை ஜன்னல் பக்கம் திருப்புகிறாள். மடலோடு கட்டிய சீட்டில், போன மாதம் அவள் எழுதியது: இடம், குடவாசல் அருகே, பண்ணை வேலி. அந்த வேலிக்குள் இருப்பது அவளுடைய அப்பா கூலிக்கு ஏரோட்டிய வயல். நிலம் கேட்டுச் சிறைக்கும் போய்வந்தார். நில உச்சவரம்புச் சட்டப்படி பண்ணையிடமிருந்து அரசு எடுத்த அந்த வயலுக்குப் போன வாரம்தான் அவர் பேரில் பட்டா வந்திருக்கிறது. “இதை நட்டுடலாம். ஒட்டுறதுக்கு வேற மடல் வேணுமே” என்கிறாள் ரெங்கம்மாள். “அதுக்கென்னங்க, எங்க வேலியில எவ்வளவோ கெடக்கு.” சொன்ன பிறகுதான் அந்த ‘எங்க’ விண்ணரசியின் காதில் விழுகிறது. கை மொட்டின்மேல் அப்படியே நிற்கிறது. ரெங்கம்மாள் சீட்டைத் தன் பக்கம் இழுத்து, பேனா மூடியைத் திருகுகிறாள். “அப்ப, இதுல இருக்கிற பண்ணையை அடிச்சிடவா?”