மைனா கட்டிய பிராது

மைனா முட்டையிட இருந்த நேரத்தில் கிளி வந்து கொத்தித் துரத்திவிட்டு, அதன் பனைமரப் பொந்தில் உட்கார்ந்துகொண்டது.

அநியாயம் நடந்தால் மனிதர்கள் முனியப்பன் கோயில் வேலில் பிராது எழுதிக் கட்டுவதை மைனா பார்த்திருக்கிறது. அதற்கு எழுதத் தெரியாது. அதனால் தன் இறகு ஒன்றைக் கட்டிவிட்டு, பனைமரத்துக்கு எதிரே இருந்த வேலியில் உட்கார்ந்து பாட ஆரம்பித்தது.

“கிளி கொய்யாவாத் தின்னு கொழுத்துக் கிடக்கு. உனக்குப் பாட்டு கேக்குதாக்கா?” என்றது அணில்.

“சொல்ல வேண்டிய இடத்துல சொல்லியாச்சு. இனி அது முனியப்பன் வேலை. என் வேலை பாடுறது.”

இதைக் கேட்டுக் கிளி விழுந்து விழுந்து சிரித்தது. காற்றில் கோயில் மணி அசைந்ததும் சிரிப்பு நின்றுபோனது. பனங்காய் விழுந்தால் பதறியது. மைனா பாடினாலோ, ‘இவ்வளவு சந்தோஷமா இருக்காளே, உத்தரவு கிடைச்சிருச்சோ?’ என்று நடுங்கியது. கொய்யா தொண்டையில் இறங்கவில்லை; ராத்தூக்கமும் போனது.

ஒரு காலையில் கிளியே வேலிக்கு வந்தது. “மைனாக்கா, பொந்தை எடுத்துக்குங்க. பிராதை மட்டும் வாபஸ் வாங்கிடுங்க.”

“ரெண்டு பேரும் சேர்ந்து போய்த்தான் அவிழ்க்கணும்.”

கிளி முந்திக்கொண்டு பறந்தது.

மறுநாள் அணில் பனைமரத்தில் ஓடி ஏறியது. “அக்கா! முனியப்பன் அந்தக் கிளியை என்னதான் பண்ணினாரு?”

பொந்துக்குள் முட்டைமேல் உட்கார்ந்திருந்த மைனா தலையை நீட்டியது.

“மெதுவாப் பேசு. பக்கத்து மரத்துல இப்பத்தான் தூங்குது, பாவம்.”